கேட்டில் கட்டிய மஞ்சள் முடிச்சு

தட்டு என் கையில்தான் இருந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் மறைத்ததுபோல் ஆகிவிடும்.

அன்று ஆயுத பூஜை. செங்கல்பட்டைத் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி இருக்கிறது எங்கள் கம்பெனி. கார்களுக்குள் ஓடுகிற ஒயர்களைக் கட்டுக் கட்டாகச் சேர்த்து அனுப்புவது எங்கள் வேலை. சாய்த்து நிறுத்திய பெரிய பலகை, அதில் வரிசையாக முளைகள். அந்த முளைகளின் வழியாக ஒயரை இழுத்து டேப் சுற்ற வேண்டும். நாள் முழுக்க நின்றபடியே. அன்றைக்கு அந்தப் பலகைகளுக்கெல்லாம் சந்தனம், குங்குமம். கட்டிங் பிளேயருக்குக்கூட ஒரு சாமந்திப் பூ. ஊதுபத்திப் புகையும் டேப்பின் பசை வாசனையும் கலந்து தலையைக் கிறுகிறுக்க வைத்தது.

வருஷா வருஷம் தீபாராதனை காட்டுவது நான்தான். திருக்கழுக்குன்றத்தில் மலைக்குப் போகிற வழியில் எங்கள் வீட்டுக்காரர் அர்ச்சனைக் கடை வைத்திருக்கிறார் என்று இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். அதனால், 'பூங்கொடிக்குத்தான் முறையெல்லாம் தெரியும்' என்று கம்பெனியில் எனக்கு ஒரு பெயர். கற்பூரமும் எங்கள் கடைக் கற்பூரம்தான்.

பூசணிக்காய் உடைப்பதற்கு முன்னால் எச்.ஆர். சார் வந்தார். அன்றைக்கு வேட்டி கட்டியிருந்தார். நெற்றி நிறைய விபூதி.

"தட்டை அப்படியே பிடிச்சுக்கம்மா பூங்கொடி" என்றார். பிறகு எல்லோரையும் பார்த்துச் சொன்னார்.

"வரிசையா வாங்க. கற்பூரத்து மேல கைய நீட்டி ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. சங்கம் கிங்கம் எதுலயும் சேர மாட்டேன், கம்பெனிக்கு எதிரா எதுலயும் கையெழுத்துப் போட மாட்டேன், மீறினா என் குடும்பத்துக்கு ஆகாது. அவ்வளவுதான். மனசுல கள்ளம் இல்லாதவங்களுக்கு இதுல என்ன கஷ்டம்?"

மூன்று லைன் பெண்கள் நின்றிருந்தோம்.

அந்த நேரத்தில் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வந்தது வேறு கவலை.

"சார், வீட்டுக்குத் தூரமா இருக்கறவங்க கற்பூரம் தொடக்கூடாதுங்க. அவங்களை ஓரமா நிக்கச் சொல்லிடலாம் சார்" என்றேன்.

சாருக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. கூட்டத்தின் நடுவே இதைச் சொல்கிறாளே என்று. ஆனால் அவரும் சாமி கும்பிடுகிறவர். "சரி சரி, அவங்க அந்தத் தண்ணி டிரம் பக்கம் போயிடுங்க" என்று கையை வீசினார். யார் யார் போகிறார்கள் என்று தலை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஏழு பேர் நகர்ந்தார்கள். கடைசியாக நகர்ந்தவள் அஞ்சலை.

முதல் சத்தியம் என்னுடையது. தட்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையைச் சுடருக்கு மேல் நீட்டினேன். சார் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னேன். 'என் குடும்பத்துக்கு ஆகாது' என்கிற இடத்தில் என் இரண்டு பிள்ளைகளின் முகமும் வந்து போயிற்று. எனக்குப் பின்னால் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். கற்பூரம் தீரத் தீர நானே புதிதாக வைத்தேன்.

பிறகு பூசணிக்காய் உடைந்தது. பொரி கொடுத்தார்கள். நானும் வாங்கித் தின்றேன்.

ஒரு ஆணி, ஒரு பச்சை அட்டை

சங்கம் என்கிற பேச்சு ஏன் வந்தது என்று கேட்பீர்கள். சம்பளத்துக்காக என்று நினைப்பீர்கள். இல்லை. மூத்திரத்துக்காக வந்தது. இந்த வார்த்தை அசிங்கமாக இருந்தால் பத்திரிகை ஆசிரியர் மாற்றிக்கொள்ளட்டும். நான் மாற்ற மாட்டேன்.

ஒவ்வொரு லைனுக்கும் சுவரில் ஒரு ஆணி. ஆணியில் ஒரு பச்சை அட்டை. லைனில் நாற்பது பேருக்கு அந்த ஒரு அட்டைதான். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் கழிவறைக்குப் போக வேண்டும். ஒருத்தி போனால் அவள் வந்து அட்டையை ஆணியில் மாட்டுகிறவரை அடுத்தவள் போக முடியாது. போன நேரத்தையும் வந்த நேரத்தையும் லைன் லீடர் வெள்ளைப் பலகையில் எழுதுவாள். நேரம் கூடினால் மறுநாள் காலைக் கூட்டத்தில் பெயரை வாசிப்பார்கள். 'இன்னார் கழிவறையில் இவ்வளவு நேரம் இருந்தார்' என்று ஒலிபெருக்கியில். கைப்பிடித்த புருஷனுக்குக்கூடத் தெரியாத சமாச்சாரம், மைக்கில்.

மெஷின் ரிப்பேர் பார்க்கிற ஆண்களுக்கு அட்டை இல்லை. மாடியில் ஆபீசில் இருப்பவர்களுக்கும் இல்லை. அங்கே கழிவறையில் எலுமிச்சை வாசனை அடிக்கும். ஒருதரம் பைல் கொடுக்கப் போனபோது கதவு திறந்திருந்தது, பார்த்தேன்.

நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டோம். காலையில் வீட்டிலிருந்து நிரப்பிக்கொண்டு வருகிற பாட்டில் சாயங்காலம் அப்படியே ததும்பிக்கொண்டு திரும்பிப் போகும். சித்திரை வெயிலிலும்தான்.

அடிவயிற்று எரிச்சலோடு செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா சின்ன வயசுக்காரி. "தண்ணி குடிக்க மாட்டீங்களாம்மா? வீட்ல தண்ணி வராதா?" என்று கேட்டாள். அட்டையைப் பற்றிச் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "எங்களை ஸ்கூல்ல கூட இப்படி வெக்கலயே" என்றாள்.

இன்னொன்றும் எழுதியாக வேண்டும். ஒரு நாள், மாதவிலக்கு எதிர்பாராமல் வந்துவிட்டது. அட்டை ஆணியில் இல்லை. காத்திருந்தேன். அட்டை வந்ததும் வேறொருத்தி எடுத்துக்கொண்டாள். அவளுக்கும் அவசரம், அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். லைன் லீடரிடம் போய்க் காதோடு சொன்னேன். "டார்கெட் முடியல. அவ வரட்டும் இரு" என்றாள். நின்றேன். கால் வழியாக இறங்கியது. மேல்கோட்டைக் கழற்றி இடுப்பில் சுற்றிக்கொண்டு மீதி ஷிப்ட் முழுக்க டேப் சுற்றினேன். யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டு, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

இதை எழுதும்போது இப்போதும் காது சூடாகிறது. அன்றைக்கு வெட்கம். இன்றைக்கு ஆத்திரம். எவள் மானத்தை எவர் ஆணியில் மாட்டுவது?

ஜன்னல் ஓரத்து அஞ்சலை

அஞ்சலையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

கம்பெனி பஸ் மாமல்லபுரத்திலிருந்து கிளம்பும். அதற்குப் பக்கத்து மீனவக் குப்பம் அவளுக்கு. நான் திருக்கழுக்குன்றத்தில் ஏறும்போது பக்கத்து சீட்டில் அவள் பை உட்கார்ந்திருக்கும், எனக்காக. அவள் புருஷன் கட்டுமரத்தை விட்டுவிட்டு இப்போது டூரிஸ்ட்டுகளை ஆட்டோவில் ஏற்றி இறக்குகிறான். இரண்டு பெண் பிள்ளைகள். குப்பத்தில் எல்லோரையும்போல அவளுக்கும் குரல் பெரிசு. கடல் சத்தத்தை மீறிப் பேசிப் பேசி வந்த குரல்.

"இன்னாக்கா, இன்னிக்கும் வெரதமா? நெத்திலி வறுத்துக்கினு வந்தேன், வாசனையாச்சும் புடி" என்பாள்.

"போடி, கார்த்திகை மாசம்."

"உங்க சாமிக்கு மாசத்துக்கு முப்பது நாளும் வெரதம். எங்க சாமி மீன் துன்னும். அதான் கெட்டியா கீது."

அந்த மாதிரிப் பேச்சு எனக்குப் பிடிக்காது. ஆனால் அவள் பை வைத்துப் பிடித்திருக்கிற சீட்டில்தான் தினமும் போய் உட்காருவேன்.

ஆயுத பூஜை முடிந்து ஒரு வாரம் இருக்கும். சாயங்காலம் பஸ் கம்பெனியிலிருந்து கிளம்பியதும் என் காதருகே குனிந்தாள்.

"யக்கா, நாங்க ஏழு பேரும் போயி சங்கத்துல எழுதிக் குடுத்துட்டோம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அடிப்பாவி, சத்தியம்?"

"யாரு பண்ணா? நாங்க தண்ணி டிரம் பக்கமில்ல நின்னோம்? நீதான அனுப்பிவெச்ச."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சாரின் வலையில் ஓட்டை விழுந்திருந்தது. அந்த ஓட்டையைப் போட்டவள் நான். தைரியத்தால் இல்லை, ஆச்சாரத்தால்.

"அது எப்பிடிடி, ஏழு பேருக்கும் ஒரே நாள்லயா?" என்று கேட்டேன்.

பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சிரித்தாள். "ரெண்டு பேருக்குத்தான் நெஜம். மீதி அஞ்சும் நீ வாயத் தொறந்த ஒடனே பின்னாடி நவுந்துக்கினோம். நீ இன்னா நெனச்ச, எச்.ஆரு வந்து செக் பண்ணவா போறாரு?"

"சாமி முன்னால பொய்யா?"

"சாமிகிட்ட எங்கக்கா பொய் சொன்னேன்? எச்.ஆருகிட்ட சொன்னேன். அந்தாளு சொல்றத சாமி மேல கைய வெச்சி சொல்லியிருந்தா, அதான் பொய்யி."

அப்போதும் அவள் மேல்தான் கோபப்பட்டேன். திருக்கழுக்குன்றம் வரைக்கும் பேசாமல் வந்தேன்.

செங்கல்பட்டில் சங்க ஆபீசில் இருந்தவர், "ஏழு பேரை வச்சிகினு நான் என்னம்மா பண்றது? மத்தவங்க எங்க?" என்று கேட்டாராம்.

"மத்தவங்கள்லாம் கற்பூரத்துல மாட்டிக்கினு கீறாங்க சார்" என்றாளாம் அஞ்சலை.

அவள் குடித்த தண்ணீர்

தீபாவளி முடிந்து மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் அஞ்சலை ஆணியைப் பார்த்தாள். அட்டை இல்லை. நேராக நடந்தாள். லைன் லீடர் குறுக்கே கையை நீட்டினாள்.

"அட்டை எங்க?"

"வூட்ல எம் பொண்ணு மூணாவது படிக்கிது. அதுகூட என்னாண்ட கேட்டுட்டுப் போறதில்ல. நவுரு."

போனாள். வந்தாள். பலகையில் நின்று டேப்பை எடுத்தாள். சாயங்காலம் அவள் கையில் ஒரு காகிதம் கொடுத்தார்கள். ஒழுங்கீனம், மேலதிகாரிக்குக் கீழ்ப்படியாமை, விசாரணை முடியும்வரை தற்காலிக வேலைநீக்கம். கழிவறைக்குப் போனதற்குப் பெயர் ஒழுங்கீனம்!

மறுநாள் மற்ற ஆறு பேரும் உள்ளே வரவில்லை. கேட்டுக்கு எதிரே, ரோட்டோரப் புங்க மரத்தடியில், நீலத் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு அஞ்சலையோடு உட்கார்ந்துவிட்டார்கள். 'பச்சை அட்டையை ஒழி' என்று ஒரு அட்டையில் எழுதி வைத்திருந்தார்கள். மழையில் மை ஒழுகி 'ஒழி' மட்டும் நன்றாகத் தெரிந்தது. ரோட்டில் போகிறவர்கள், 'ஏழு கன்னிமாரும் உட்கார்ந்துவிட்டார்கள்' என்று கேலி பேசினார்களாம். ஏழு பேருமே பிள்ளைகுட்டிக்காரிகள்.

நாங்கள் பஸ்ஸில் உள்ளே போனோம். ஜன்னல் திரையை இழுத்துவிடச் சொல்லி உத்தரவு. நான் திரை இடுக்கில் பார்த்தேன்.

அஞ்சலையும் பார்த்துவிட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. பக்கத்தில் இருந்த பெரிய பாட்டிலைத் தூக்கி எனக்குக் காட்டினாள். அண்ணாந்து, கடகடவென்று, ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

என் பையில் இருந்த பாட்டில் மடியில் கனத்தது. அன்றைக்கும் அதை நிறைந்தபடியேதான் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

தினமும் இதே கதை. காலைக் கூட்டத்தில் எச்.ஆர். சார் மைக்கைப் பிடித்து, "சத்தியம் பண்ணவங்க நினைப்புல வச்சுக்கங்க. மனுஷனை ஏமாத்தலாம், மேல இருக்கறவனை ஏமாத்த முடியாது" என்பார். லைனில் என் பக்கத்தில் நிற்கிறவளுக்குக் கைக்குழந்தை. அதற்கு ஜுரம் வந்தபோது, "மனசால அஞ்சலை பக்கம் நெனச்சிட்டேன்க்கா, அதான் போலகீது" என்று என்னிடம் அழுதாள்.

இதை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை. நான் படித்தது பத்தாவது வரைக்கும்தான். சட்டம் தெரியாது. ஆனால் சாமியைத் தெரியும். காலையில் எழுந்தால் மலையைப் பார்த்துக் கும்பிடாமல் காபி குடிக்க மாட்டேன். எனக்குத் தெரிந்த சாமி, ஒரு பெண் கழிவறைக்குப் போனதை நியாயம் என்று நினைத்ததற்காகக் கைக்குழந்தைக்கு ஜுரம் கொடுக்கிற சாமி இல்லை. எங்கள் சாமியைக் கூப்பிட்டுக் கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் வேலை கொடுத்துவிட்டார் அந்த மனுஷர். அதற்குத் தட்டு பிடித்தவள் நான்.

இவ்வளவு தெரிந்தும் வெளியே வரமுடியவில்லை. வாயால் சொன்னது சொன்னதுதானே? பிள்ளைகள் பெயரால் சொன்னதாயிற்றே?

கடையில் வந்து நின்ற பெண்

ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் கடையைப் பார்ப்பேன். கார்த்திகை மாதம் என்பதால் மலைக்கு நல்ல கூட்டம். தேங்காய் நார் உரித்து உரித்துக் கை எரியும்.

ஒரு பெண் வந்தாள். கருங்குழிப் பக்கம் என்றாள். பிள்ளைக்கு உடம்பு சரியானால் மலையைச் சுற்றி அடிப்பிரதட்சணம் செய்கிறேன் என்று வேண்டிக்கொண்டாளாம். இப்போது முழங்காலில் ஆபரேஷன் ஆகிவிட்டது, டாக்டர் கூடாது என்கிறார். "மஞ்சள் துணி ஒண்ணு குடும்மா. ஒரு ரூபாய முடிஞ்சி வெச்சி, பொறுத்துக்கோன்னு கேட்டுக்கறேன்" என்றாள்.

சொன்ன வார்த்தையைக் காப்பாற்ற முடியாதவர்கள் செய்கிற வழக்கம் இது. தினம் பத்துப் பேருக்காவது நான் வெட்டிக் கொடுக்கிற துணிதான். அன்றைக்கும் வெட்டினேன். கொடுத்தேன். அவள் முடிந்துகொண்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டு, லேசாக நொண்டியபடி படியேறிப் போனாள். முகத்தில் பயமே இல்லை. தாயிடம் போய்ச் சொல்கிற மாதிரிப் போனாள்.

கத்தரிக்கோலும் மீதித் துணியுமாக அப்படியே நின்றுவிட்டேன்.

"இன்னா, துணியக் கையில வெச்சிகினு செல மாதிரி நிக்கிற? அர்ச்சனைக்கு ஆள் காத்துகினு கீறாங்க" என்றார் வீட்டுக்காரர்.

"மஞ்சள் துணி எவ்ளோ கீது கடைல?"

"ஒரு பீஸ் முழுசா கீது. ஏன்?"

"எனக்கு வேணும்."

"எவ்ளோ?"

"முழுசும்."

என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். வேலை போய்விடுமே, பிள்ளைகள் படிப்பு இருக்கிறதே என்று அவர் சொல்லியிருக்கலாம். சொன்னால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அவர் துணியைப் பிரித்து, தானே உள்ளங்கை அளவுக்கு வெட்ட ஆரம்பித்தார். "நீ போயி தேங்காயப் பாரு" என்றார்.

திங்கட்கிழமைக் காலை

அஞ்சலை இல்லாத சீட்டில் அன்றைக்கு மஞ்சள் துணிப் பை உட்கார்ந்திருந்தது. பஸ் மேட்டுத்தெருவைத் தாண்டியதும் எழுந்து நின்றேன். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை.

"கற்பூரத் தட்டைப் புடிச்சது நான்தான். அதனால நானே சொல்றேன். அன்னிக்கு நாம பயத்துல சொன்னோம். தெரியாம சொல்லிட்டோம், பொறுத்துக்கோன்னு கேட்டா பொறுக்காத சாமி கெடையாது. இந்தாங்க துணி. யாருக்கு மனசு இருக்குதோ எடுத்து, ஒரு ரூபா முடிஞ்சிக்கங்க. இல்லாதவங்கள ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

பின் சீட்டிலிருந்து ஒரு குரல். "யக்கா, எம் பையனுக்கு ஒண்ணும் ஆவாதில்ல?" அந்தக் கைக்குழந்தைக்காரிதான்.

"எனக்கும் ரெண்டு கீது. நான் மொதல்ல கட்டறேன். எதாவது ஆனா எனக்கு ஆவட்டும்."

பை கை மாறிக் கை மாறிப் போயிற்று. திரும்பி என்னிடம் வந்தபோது அடியில் சில துண்டுகள்தான் இருந்தன.

எங்கள் கம்பெனி கேட்டுக்கு உள்ளே வலது பக்கம் ஒரு பிள்ளையார் இருக்கிறார். சார்தான் கட்டி வைத்தார். கம்பிக் கேட்டின் வழியாகவே முகம் தெரியும். பஸ் கேட்டில் நின்றதும் நாங்கள் இறங்கிவிட்டோம். மற்ற இரண்டு பஸ்காரிகளும் என்ன என்று பார்த்து இறங்கினார்கள்; அவர்களுக்கென்று தனியாக வைத்திருந்த துண்டுகளைக் கொடுத்தேன். நான் முதலில் போனேன். 'அப்பா, பிள்ளையாரப்பா, பொறுத்துக்கோ. உன் பேரைச் சொல்லி எங்க வாயக் கட்டிட்டாங்க. நியாயம் கெடச்சதும் வந்து அவுத்துக்கறோம்' என்று சொல்லி, அவர் முகத்துக்கு நேரே கம்பியில் என் முடிச்சைக் கட்டினேன். எனக்குப் பின்னால் கைக்குழந்தைக்காரி. அதற்கப்புறம் நான் எண்ணவில்லை.

ஒரு சிலர் கட்டாமல் உள்ளே போனார்கள். அவர்களுக்கு என்ன கஷ்டமோ.

கேட்டு மஞ்சளாகிவிட்டது. மழை விட்டு வெயில் வந்திருந்தது. புங்க மரத்தடியில் அஞ்சலை எழுந்து நின்றாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

எச்.ஆர். சார் ஓடி வந்தார்.

"என்னம்மா இது? கம்பெனி கேட்டைக் கோயில்னு நெனச்சீங்களா?"

"நீங்கதான சார் கோயிலாக்கினது?" என்றேன். எங்கிருந்து வந்ததோ அந்தக் குரல். "கற்பூரத்த ஏத்தச் சொன்னது நீங்க. சாமி பாக்குதுன்னு தினமும் மைக்ல சொன்னது நீங்க. பாக்கட்டும் சார். இப்பவும் பாக்கட்டும். நாங்க தண்ணி குடிக்க பயந்துகினு நிக்கறதையும் அது பாத்துகினுதான இருந்துது?"

அவர் செக்யூரிட்டியிடம் திரும்பினார். "இதையெல்லாம் அறுத்துப் போடுய்யா."

செக்யூரிட்டி அண்ணன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "சாமி சமாச்சாரம் சார். நான் கை வெக்க மாட்டேன். எனக்கும் பொண்ணு கீது."

சாரே கையை நீட்டினார். ஒரு முடிச்சைப் பிடித்தார். பிடித்தவர் அப்படியே நின்றார். பிறகு கையை எடுத்து, பழக்கதோஷத்தில், அந்த விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பின்னாலிருந்து அஞ்சலையின் குரல் வந்தது. "நல்லா ஒத்திக்க சார்! உனுக்கும் சேத்துத்தான் கட்டிக் கீறாங்க!"

அத்தனை பேரும் சிரித்தோம். மாசக்கணக்கில் அந்தக் கேட்டில் கேட்காத சிரிப்பு.

ஆணி இருக்கிறது

ஒன்பது நாள் வெளியே உட்கார்ந்தோம். மழையிலும்தான். மிரட்டல் வந்தது, வீட்டுக்கு ஆள் வந்தார்கள், புருஷன்மாரிடம் பேசிப் பார்த்தார்கள். அதையெல்லாம் எழுதினால் இன்னும் நாலு வாரம் வேண்டும். கடைசியில் தொழிலாளர் ஆபீசில் பேச்சு நடந்தது. அங்கேயும், "சங்கத்தோட பேச மாட்டோம், எங்க பிள்ளைங்களோட பேசுவோம்" என்றார்கள் கம்பெனிக்காரர்கள். பிள்ளைகளாம். எந்த வீட்டில் பிள்ளைகளுக்குக் கழுத்தில் அட்டை மாட்டுகிறார்கள்?

அட்டை போயிற்று, ஆணி மட்டும் சுவரில் இருக்கிறது. ஆறு பேரை வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். அஞ்சலையை எடுக்கவில்லை. விசாரணை நடக்கிறது என்கிறார்கள். என்ன விசாரணை? போனது உண்மையா என்றா? போனாள். போனதைத்தான் அவளே உரக்கச் சொல்கிறாளே.

இப்போது அவள் கடற்கரைப் பக்கம் ஒரு ரிசார்ட்டில் அறை துடைக்கிறாள். விசாரணைத் தேதிகளில் புடவை மாற்றிக்கொண்டு செங்கல்பட்டுக்கு வருவாள். நானும் லீவு போட்டுவிட்டு அவளோடு போய் உட்காருவேன். போனதடவையும் தள்ளி வைத்துவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது, "அங்க பதினாறு ரூமு தொடைக்கிறேன்க்கா. பதினாறு பாத்ரூமு. எவனும் என்னாண்ட அட்டை கேக்கல" என்று சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

வேண்டியது நடந்துவிட்டால் முடிச்சை அவிழ்த்து அந்த ரூபாயை உண்டியலில் சேர்க்க வேண்டும். அதுதான் முறை. அட்டை போன அன்றைக்கே பெண்கள் அவரவர் முடிச்சை அவிழ்த்துக்கொண்டு போனார்கள். கேட்டு மறுபடியும் வெறும் கம்பி ஆயிற்று, ஒரு இடத்தைத் தவிர. பிள்ளையார் முகத்துக்கு நேரே ஒரு முடிச்சு அப்படியே இருக்கிறது. மஞ்சள் வெளுத்துக் கிட்டத்தட்ட வெள்ளையாகிவிட்டது.

போன வாரம் எச்.ஆர். சார் கேட்டில் என்னை நிறுத்தினார். முடிச்சைப் பார்க்காமலே கேட்டார்.

"ஏம்மா பூங்கொடி, எல்லாரும் எடுத்துட்டாங்க. உன்னுது எப்ப எடுப்ப? டெல்லியில இருந்து பெரியவங்க வர்றாங்க, பாக்க நல்லா இருக்காது."

"அதை நான் எடுக்கறதா இல்ல சார்."

"பின்ன?"

"அஞ்சலை வந்து அவுப்பா."

நான் பையிலிருந்து பாட்டிலை எடுத்து, அவர் முன்னாலேயே அண்ணாந்து, வயிறு நிறையக் குடித்துவிட்டு லைனுக்குப் போனேன்.